மூன்றாவது துடுப்பு

செட்டியார்பட்டியில் என் மேஜைமீதிருக்கும் பழைய ஆகாய விமான மாதிரி 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் கான்ஸ்டலேஷன் விமானத்தின் சிற்றுருவம். 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்து, ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் சேவையைத் தொடங்கி வைத்த விமானம் அது. அப்போது சுதந்திர பாரதத்துக்குப் பத்து மாதம்கூட நிரம்பவில்லை!

இவ்வகை விமானத்தின் வாலில் மூன்று நிமிர்ந்த துடுப்புகள் உண்டு. எனக்குக் கிடைத்த மாதிரியில் இரண்டே எஞ்சியிருந்தன. மூன்றாவதை மரத்தில் செதுக்கிப் பொருத்தினேன். நீரில் நனைத்தால் காகிதத்தைவிட்டு வழுகி வரும் மெல்லிய படலத்தில் அச்சிட்ட எழுத்துக்களையும் தருவித்தேன். 'வி.டி.-சி.க்யூ.பி.' என்ற அடையாளத்தை ஒட்டுகையில் கை சற்றுத் தயங்கிற்று. அவ்வெழுத்துக்களைத் தாங்கிய விமானந்தான் 1950 நவம்பர் 3-ஆம் தேதி மான் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர்.

முழுவதும் புது வர்ணம் பூசிவிடலாமே என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சம்மதமில்லை. புதுத் துடுப்பு மட்டும் பழைய உடலோடு சேராமல் பளபளக்கிறது, பளபளக்கட்டுமே!