கைமாறினால் வாழும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நம் கல்லூரியில் பெரும்பாலோர் பேருந்தை நம்பிப் படிக்க வருகிறவர்கள். காலை வண்டியைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போயிற்று. படிக்கட்டில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று ஏறுகிறோம். இறங்கியதும் வண்டியை மறந்துவிடுகிறோம். அதற்கும் வயதாகும், அதற்கும் ஒரு கடைசி நாள் வரும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அதற்குப் பின் வண்டி எங்கே போகிறது என்று கேட்டால், "காயலான் கடைக்கு" என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

இங்கிலாந்தில் இதே கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. கைவிடப்பட்ட பழைய பேருந்துகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, அவற்றுக்குப் புதிய உடைமையாளரையும் தேடித் தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் என் தந்தையின் தொழில்.

என் தந்தை கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கையாளாகச் சேர்ந்தவர். வெறும் சேஸிஸ் மேல் ஒற்றை இருக்கை போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர்கள் வெயிலில் ஓட்டி வருவதை நெடுஞ்சாலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த எலும்புக்கூடு பட்டறைக்குள் போய், சட்டமும் தகடும் கண்ணாடியும் இருக்கையும் பெற்று, முழுப் பேருந்தாக வெளியே வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கைப்பட்ட வண்டிகளுக்குக் கணக்கில்லை. வண்டியில் பட்டறையின் பெயர் இருக்கும். கட்டியவரின் பெயர் இராது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் அந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பதில் என்னைவிட அவரே உறுதியாக இருக்கிறார். அப்படியானால், அவருடைய இத்தனை ஆண்டு உழைப்பில் எஞ்சப் போவது என்ன? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்த அயல்நாட்டுக்காரர்களின் கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

பேருந்துக்கு உறவான டிராம் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். 1948இல் சவுதாம்ப்டன் நகரம் தன் டிராம்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஆர்வலர் சிலர் சேர்ந்து 45ஆம் எண் வண்டியைப் பத்துப் பவுனுக்கு வாங்கினார்கள். வாங்கிவிட்டார்கள், நிறுத்த இடம் வேண்டாமா? 1959இல்தான் டெர்பிஷயர் பகுதியில் க்ரிச் என்ற ஊரில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று கிடைத்தது. இன்று அங்கே தேசிய டிராம் அருங்காட்சியகம் நிற்கிறது. வாங்குவதற்குப் பத்துப் பவுன்; காப்பதற்குப் பதினோரு ஆண்டுப் பொறுமை.

பேருந்தின் கதை இதைவிடச் சுவையானது. முதல் உலகப் போரின்போது லண்டன் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் படைவீரர்களைச் சுமந்து ஓடின. அவை 'பி' வகை எனப்பட்டவை. அவ்வகையைச் சேர்ந்த, 1914இல் கட்டிய ஒரு வண்டியை லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் 2014இல் புதுப்பித்து, அந்தப் பழைய போர்க்களங்களுக்கே மறுபடியும் அனுப்பி வைத்தது. நூறு வயது வண்டி!

அத்தனை காலம் பழைய வண்டிகள் எங்கே பிழைத்துக் கிடந்தன? அக்காலத்துப் பாடிகள் மரச்சட்டத்தால் ஆனவை. வண்டி ஓய்ந்ததும் பாடியைச் சேஸிஸிலிருந்து பிரித்து மலிவாக விற்றுவிடுவார்கள். வாங்கியவர்கள் அதைத் தோட்டத்துக் கொட்டகையாக்கினார்கள்; கோழி அடைத்தார்கள்; சிலர் அதிலேயே குடியும் இருந்தார்கள். ஓட்டையை அடைத்து, கூரைக்குத் தார் பூசி வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆர்வலர்கள் தேடி வந்தபோது கிடைத்தவற்றுள் பல இப்படி வேறு வேலைக்குப் பயன்பட்டவையே. கோழி அடைத்த குடியானவர் வரலாற்றைக் காப்பதாக எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவருக்கு அது தேவைப்பட்டது. அதனால் அது பிழைத்தது. இந்த ஒரு செய்தி என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

லண்டனின் சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்தைப் படத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. ரூட்மாஸ்டர் என்பது அதன் பெயர். 1956 பிப்ரவரியில் முதல் வண்டி ஓடத் தொடங்கியது. 1968 வரை 2,876 வண்டிகள் கட்டினார்கள். இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. போர்க்காலத்தில் ஹாலிபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிப் பெற்ற அனுபவத்தை வைத்து, அலுமினியப் பாடியையே எடை தாங்கும் கூடாக அமைத்தார்கள். அறுபத்து நான்கு பேர் உட்காரலாம். ஆனால் எடை குறைவு. ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்கு அப்படியே பொருந்தும். வழக்கமான தடத்தில் அதன் கடைசி ஓட்டம் 2005 டிசம்பர் 9ஆம் நாள், 159ஆம் எண் தடத்தில். அதன் பின்னும் பல வண்டிகள் தனியார் கையில் உயிரோடு இருக்கின்றன.

தகடுகளைக் கழற்றிய நிலையில் இருந்த ஒரு ரூட்மாஸ்டரின் படத்தை என் தந்தைக்குக் காட்டினேன். நான் இரட்டை அடுக்கைப் பார்த்தேன். அவர் வேறொன்றைப் பார்த்தார்.

"ரிவிட் வரிசையப் பாரு கண்ணு, நூல் புடிச்ச மாதிரி இருக்குது. அடிச்சவன் அவசரப்படலை. யாரு கட்டுனது?"

"பார்க் ராயல்னு ஒரு பட்டறைங்கப்பா. லண்டன்ல."

"பட்டறை இப்ப இருக்குதா?"

"இல்லீங்கப்பா. 1980லயே மூடிட்டாங்க."

"வண்டி?"

"வண்டி இன்னும் ஓடுதுங்கப்பா."

அவர் அதற்குமேல் பேசவில்லை. படத்தை மட்டும் இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்.

பழைய பேருந்தைக் காப்பது ஆசையால் மட்டும் நடக்கிற காரியமன்று. முதல் பகை ஈரம். மரச்சட்டம் அடியிலிருந்து உளுத்துப் போகும். அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் தண்ணீர் நின்றால், அலுமினியம் பொடிப் பொடியாக உதிரும். இதை மின்வேதி அரிமானம் என்று துணைப்பாட வேதியியலில் படித்தோம். "நடுவுல பெயின்ட் அடிக்காம தகடு வெக்காதே" என்று என் தந்தை கையாள்களிடம் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஏட்டில் நான் படித்த பாடத்தை அவர் கை முன்பே படித்திருக்கிறது!

இரண்டாவது தேவை கூரை. இயந்திரத்தை எப்படியும் ஓட வைத்துவிடலாம். முப்பதடி நீள வண்டிக்கு மழை படாத இடம் கிடைப்பதுதான் அரிது. லண்டன் பேருந்துகளைக் காக்கும் குழுவினர், 1970களில் கோபம் என்ற ஊரில் போர்க்கால விமானத் தொழிற்கூடமாக இருந்த கட்டடத்தைப் பிடித்து அதில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2011இல் ப்ரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் தங்களுக்கென அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக அடுத்த ஆள் வேண்டும். ஒருவர் தம் இளமையில் ஒரு வண்டியை மீட்கிறார். அவருக்கும் வயதாகிறது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. அப்போது வண்டி மறுபடியும் அநாதை ஆகிவிடுகிறது. ஆகவே அங்கே விவரம் தெரிந்தவர்கள், மீட்கும்போதே 'நமக்குப் பின் யார்?' என்று கேட்கிறார்கள். பலர் சேர்ந்து பங்கு போட்டு வாங்குகிறார்கள். இடமில்லாதவர் இடமுள்ளவரிடம் ஒப்படைக்கிறார். விட்டுக்கொடுக்க மனம் வராமல் திறந்த வெளியில் வைத்து உளுக்க விடுவதைவிட, தகுந்த கையில் கொடுத்துவிடுவதே அன்பு என்பது அவர்கள் கண்ட உண்மை.

கைமாறுவது நாடு கடந்தும் நடந்திருக்கிறது. லண்டனில் ஓய்வு பெற்ற இரட்டை அடுக்கு வண்டிகள் பலவற்றை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கி ஓட்டியது. பெயர்கூடக் கைமாறும். இங்கிலாந்தின் லேலண்ட் என்ற ஊரின் பெயரை 1955இல் எண்ணூர் ஆலை ஏற்றது. அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஊரில் பேருந்து கட்டுவது 1990களில் நின்றுவிட்டது. நம் ஊர்ச் சாலைகளில் அப்பெயர் இன்றும் ஓடுகிறது.

இனி எங்கள் ஊர்க் கதை. ஊர் எல்லையில், மூடிக்கிடக்கும் அரிசி ஆலைக்குப் பின்னால், சீமைக் கருவேலங்காட்டுக்குள் ஒரு பழைய தனியார் பஸ் நின்றது. இயந்திரம் இல்லை, சக்கரம் இல்லை, கண்ணாடி பாதி இல்லை. 1991இல் என் தந்தை கையாளாகச் சேர்ந்த புதிதில் கட்டிய வண்டி அது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி முன்நின்று கட்டியது. மேஸ்திரி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு, நிலத்துக்காரர் இடத்தைச் சுத்தம் செய்யப் போவதாகவும் காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசிவிட்டதாகவும் தெரிந்தது.

"நாம எடுத்துக்கலாமுங்களாப்பா?" என்றேன்.

"எடுத்து எங்க வெக்கறது? நம்ம வீடே அதுல பாதிதான்" என்று சிரித்தார் தந்தை.

அப்போதுதான் இங்கிலாந்துக் கோழிக்கூடு நினைவுக்கு வந்தது. நமக்கு இடமில்லாவிட்டால் என்ன? யாருக்கு அது தேவை என்று பார்ப்போம் என்றேன். நிலத்துக்காரரிடம் ஒரு மாதத் தவணை கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக விசாரித்தோம். செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டார். கோழிப் பண்ணைக்காரர் தகட்டை மட்டும் கேட்டார். கடைசியில், ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் கிளைச்சாலை பிரியும் இடத்தில் தம் சொந்த நிலத்தில் தேநீர்க் கடை போட எண்ணியிருப்பது தெரிந்தது. காயலான் கடைக்காரர் பேசிய அதே விலைக்கு அவர் எடுத்துக்கொண்டார்.

டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தியதும், என் தந்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை செய்தார். கூலி வாங்கவில்லை. கூரை ஒழுகிய இடங்களுக்குத் தகடு வைத்து ரிவிட் அடித்தார். உள்பக்கத் தகடு ஒன்றைக் கழற்றியபோது, சட்டத்தின் மேல் பென்சிலில் எழுதிய ஓர் எண் தெரிந்தது: 38. ஜன்னல் அளவு. மேஸ்திரியின் கையெழுத்து என்று பார்த்த உடனே சொன்னார். முப்பது ஆண்டு வெயிலும் மழையும் அந்தப் பென்சில் எழுத்தைத் தொடவில்லை. அதன் மேல் வார்னிஷ் பூசி, பழையபடி தகட்டை மூடினார்.

இதை ஓர் இங்கிலாந்து நிபுணர் பார்த்தால், "இது பேருந்துப் பாதுகாப்பு ஆகாது" என்று சொல்லக்கூடும். உண்மைதான். அது இனி ஓடாது. ஆனால் அதற்குக் கூரை இருக்கிறது. காலையும் மாலையும் துடைக்க ஒரு கை இருக்கிறது. நாளை யாராவது தேடி வந்தால் கிடைக்கும். காயலான் கடைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

நம் நாட்டில் சட்டமும் இதற்குத் துணை நிற்க வேண்டும். 2021இல் மத்திய அரசு, 50 ஆண்டைத் தாண்டிய பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. அது இரு சக்கர வண்டிகளுக்கும் கார் போன்ற சிறு வண்டிகளுக்கும் மட்டுமே. பேருந்துக்கு அதில் இடமில்லை. அரசு வாகனங்களும் போக்குவரத்துக் கழக வண்டிகளும் 15 ஆண்டைத் தாண்டினால் பதிவு புதுப்பிக்கப்படாது, முறைப்படி உடைக்கப்பட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. புகையையும் விபத்தையும் குறைக்க இது தேவை என்பதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் 1972இல் தொடங்கிய பல்லவன், சேரன், பாண்டியன் போன்ற கழகங்களின் வண்டிகளில்தான் நம் பெற்றோர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போனார்கள். செல்வர்கள் ஏறிய கார் காப்பாற்றப்படலாம்; ஏழைகள் ஏறிய பேருந்து காப்பாற்றப்படக்கூடாதா? வகைக்கு ஒன்றை ஒதுக்கி, ஒரு கூரையின் கீழ் நிறுத்தி வைத்தால் புகையும் வராது, விபத்தும் நேராது.

நண்பர்களே, சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் முள்காட்டிலோ, மூடிய ஆலையின் பின்புறத்திலோ ஒரு பழைய பஸ் நிற்கக்கூடும். எந்த ஆண்டு, எந்தப் பட்டறை கட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள். கொட்டகையோ, கடையோ, வாசகசாலையோ வைக்க நினைப்பவர் யாரேனும் உண்டா என்று நாலு பேரிடம் கேளுங்கள். ஆள் கிடைத்துவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கூரை ஒழுகாமல் செய்து கொடுக்க, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தாம் வருவதாக என் தந்தை சொல்லியிருக்கிறார். ரிவிட் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.