பிடியரிசி

நன்றி என்னும் சொல்லை என் அன்னையார் வாய்திறந்து கூறி நான் கேட்டதில்லை. நகரத்தார் நாள்தோறும் பல முறை வழங்கும் அச்சொல், திருவையாற்றை அடுத்த எங்கள் சிற்றூரில் மேடைப் பேச்சின் முடிவில் மட்டுமே ஒலிக்கும். எனினும், நன்றி என்பது யாது என நான் அறிந்துகொண்டது அவரிடமே.

உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் சிறு மண்பானையில் அவர் நாள்தோறும் இடுவார். அதற்குப் பிடியரிசி என்று பெயர். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் இருக்கலாம். ஒரு திங்களில் ஒன்றரைக் கிலோ சேரும். திங்கள் முடிவில் அது கோயிலுக்கோ, அடுப்பு மூட்ட இயலாத வீட்டுக்கோ செல்லும். காரணம் கேட்டால், "நாம் வயிறாரச் சாப்பிடுகிறோமே, அதற்குத்தான்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடைக்காது.

மாலையில் விளக்கேற்றியதும், வீட்டில் உள்ளார் பெயரை ஒவ்வொன்றாக மெல்லச் சொல்வார். எங்கள் பசுவின் பெயரும் அவ்வரிசையில் உண்டு! வேண்டுதல் ஏதும் இராது. "எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்" என்று சொல்லிக் கைகூப்புவார். அவ்வளவே அவர் வழிபாடு. பெரிய கோயில்களில் எத்தனையோ அருச்சனைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றுள் எதுவும் என் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை.

ஆடித் திங்கள் 18ஆம் நாளன்று எங்களைக் காவிரிக் கரைக்கு அழைத்துச் செல்வார். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் அதனைப் பாசனத்துக்குத் திறப்பது மரபு. நீர் வந்தால் குறுவை உண்டு. குறுவை விளைந்தால் தீபாவளிக்குப் புத்தாடை உண்டு. எங்கள் வாழ்க்கைக் கணக்கு அவ்வளவு எளிது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் படித்துறையில் காப்பரிசி, காதோலை, கருகமணி முதலியவற்றைப் படைத்து, புது மஞ்சள் சரடு அணிந்துகொள்வர். காவிரி சூல்கொண்டிருக்கிறாள் என்று கருதி, மசக்கைக்காரிக்குப் பிடிக்கும் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் செய்து வருவர். தாய் என்று வணங்கும் ஆற்றையே வீட்டுப் பெண்ணாகவும் எண்ணிச் சோறூட்டுகின்ற அன்பை என்னென்பது!

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 12 வந்தது, நீர் வரவில்லை. எங்கள் இரண்டு ஏக்கர் நிலமும் தரிசாய்க் கிடந்தது. தந்தையார் பகலெல்லாம் திண்ணையிலேயே அமர்ந்திருப்பார். ஆடி 18 வந்தபோது எங்கள் படித்துறையின் கீழே வெறும் மணலே இருந்தது. அன்னையாரோ வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"வற்றிக் கிடக்கிற ஆற்றுக்கு எதற்கம்மா படையல்?" என்று என் தமக்கை கேட்டாள்.

"இத்தனை காலம் சோறு போட்டவள். ஒரு வருஷம் அவள் கையில் இல்லை என்றால், அவள் வாசலுக்கே போகாமல் இருந்துவிடுவதா?" என்றார் அன்னையார்.

படையலை மணலில் வைத்தார். வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த ஒரு செம்பு நீரை ஆற்றுக்கு ஊற்றினார். நொடிப்பொழுதில் மணல் அதனைக் குடித்துவிட்டது.

அத்திங்களின் பிடியரிசி, எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் ஒரு குடும்பத்துக்குச் சென்றது. நடவு இல்லையேல் அவர்களுக்குக் கூலி ஏது? எங்கள் குதிரிலும் நெல் அடிமட்டத்துக்கு வந்திருந்த காலம் அது. தந்தையார் அந்தப் பானையை ஒரு முறை நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அன்னையார் உலைக்கு அளக்கும் அரிசியைக் குறைத்தார், பிடியைக் குறைக்கவில்லை.

அவ்வாண்டு அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்டது அக்டோபர் 2ஆம் நாளில். குறுவை போயிற்று; சம்பா ஓரளவு கைகொடுத்தது. எங்கள் படித்துறையை நீர் தொட்ட அன்று ஊரே ஓடிற்று. அன்னையார் மாட்டைக் கறந்து வைத்துவிட்டு மெல்ல வந்தார், கீழ்ப்படியில் நின்று கால் நனைத்து, "வந்துவிட்டாயா?" என்றார். அன்று மாலை விளக்கின்முன் அவர் சொன்ன பெயர்களுள் காவிரியின் பெயரும் இருந்தது.