கயிறு இழுத்த கதை

போன பொங்கலுக்கு பாபநாசம் போயிருந்தேன். பிசான நெல்லுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் ஒரே மக்கர். பழைய மொபெட் மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். ஆனா கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். ஒரு தடவை பிடிக்கும், நாலு தடவை சும்மா சுத்தும். "வயசாயிட்டுல்லா, இழுக்கத் தெம்பில்லடே"ன்னு அப்பா உக்காந்துட்டார்.

ஸ்டார்டரைக் கழட்டினேன். ஸ்பிரிங், கயிறு ரெண்டும் பத்திரம். இழுக்கும்போது வெளிய வந்து இன்ஜினைப் பிடிக்கவேண்டிய சின்ன நாக்கு, பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து உள்ளேயே ஒட்டிக்கிடந்தது. பெட்ரோல்ல கழுவி, கயிறு சுத்துற சக்கரத்தை ரெண்டு சுத்து முறுக்கிவிட்டு மாட்டினேன். முறுக்கலைன்னா இழுத்த கயிறு திரும்ப உள்ள போகாதுங்க.

நான் இழுக்கலை. அப்பாகிட்ட கொடுத்தேன். ரெண்டாவது இழுப்புல புகையோட சத்தம்.

"கோளாறு எனக்கில்லலே!"ன்னார். சிரிச்சுக்கிட்டே வயலுக்குக் கிளம்பிட்டார்.