ஓடி என்ன ஆகப்போகிறது?

அரூர் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். அங்கே எட்டாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி, வட்டார அளவிலான 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், அதுவும் வெறுங்காலோடு. மாவட்டப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனோம். சாந்தி சௌந்தரராஜனின் கதையைச் சொன்னோம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள். நம் சாதிப் பெண். தாத்தாதான் ஓடக் கற்றுக்கொடுத்தார். 2005இல் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 10 நிமிடம் 44.65 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி.

பிள்ளையின் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எங்க சார் இருக்குது?"

பாதிக் கதையை மறைத்திருந்தோம். மீதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளி வென்றதும் பாலினச் சோதனை. பதக்கம் பறிபோனது. அவர் ஊக்கமருந்து எடுத்தவரல்ல. பிறவியில் அமைந்த உடலுக்குத்தான் அந்தத் தண்டனை. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் பதக்கம் திரும்பவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பு முடித்துப் பயிற்சியாளர் ஆனார்.

"சூளைக்குப் போறதுக்கு எதுக்கு சார் ஓடணும்?" என்றார் அந்த அம்மா.

நியாயமான கேள்வி. ஆனால் தோழர்களே, இதையும் பாருங்கள். 2009இல் இதே 800 மீட்டரில் ஓடிய தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அவர் நாடே அவர் பக்கம் நின்றது. 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் விலக்கப்பட்டபோது வழக்காடத் துணை கிடைத்தது. 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. சாந்திக்கு அன்று அப்படி யார் இருந்தார்கள்? வென்றபோது கைதட்டிய நாம், பதக்கம் பறிபோன அன்று எங்கே இருந்தோம்?

சாதனைக்குக் கால் போதும். அதைக் காப்பாற்ற உடன் நிற்கும் ஆட்கள் வேண்டும். எங்கே கையெழுத்து வாங்குகிறார்கள், எதற்குச் சோதனை செய்கிறார்கள் என்று தமிழில் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பெரிய இயக்கம் தேவையில்லை. படித்த நாம் நாலு பேர் போதும்.

கடைசியில் அந்த அம்மா கேட்டார்: "நீங்க கூடப் போவீங்களா?"

போவோம் என்று சொல்லியிருக்கிறோம்.