நான் சொல்லாமல் விட்ட இரவு

பாப் கெர்ரியின் கதையைப் பள்ளி விழாக்களிலும் என்.சி.சி. முகாம்களிலும் பல வருடம் சொல்லி வந்திருக்கிறேன். பாதிதான் சொன்னேன். மீதியும் எனக்குத் தெரியும்.

சொன்ன பாதி இது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1943இல் பிறந்து, கடற்படையின் சீல் அதிரடிப் பிரிவில் சேர்ந்து வியட்நாம் போனவர் கெர்ரி. 1969 மார்ச் 14 இரவு ஹோன் டாம் தீவில் 350 அடிச் செங்குத்துப் பாறையில் தன் குழுவை ஏற்றிக்கொண்டு போய், எதிரிகள் முகாமை மேலிருந்து நெருங்கினார். காலடியில் கையெறி குண்டு வெடித்தது. ரத்தம் கொட்ட, நினைவு மங்கும் நிலையிலும் ஆட்களைச் சரியாக நிறுத்திச் சுடவைத்து, மீட்புக்கு வழி செய்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. 1970இல் அதிபர் நிக்சன் கையால் மெடல் ஆஃப் ஆனர். அமெரிக்கப் படைவீரருக்கு அதற்கு மேல் விருது கிடையாது. பிறகு நெப்ராஸ்கா ஆளுநர், 12 வருடம் செனட்டர், 1992இல் அதிபர் வேட்பாளராக ஜனநாயகக் கட்சிக்குள் போட்டி. அங்கே நிறுத்துவேன். அரங்கம் கைதட்டும்.

சொல்லாத பாதி இது. ஹோன் டாமுக்கு 17 நாள் முன்னால், பிப்ரவரி 25 இரவு, மெக்காங் கழிமுகத்திலுள்ள தாங் ஃபோங் கிராமத்துக்குள் அதே குழு அவர் தலைமையில் நுழைந்தது. பெண்களும் குழந்தைகளும் செத்துப்போனார்கள். எதிரிகளான வியட்காங் கெரில்லாக்கள் 21 பேர் கொல்லப்பட்டதாக மேலே அறிக்கை போனது. கெர்ரிக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வந்தது. 2001 ஏப்ரலில் கிரிகரி விஸ்டிகா என்ற செய்தியாளர் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் எழுதிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. இருட்டில் எங்களைச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம், கிடந்தவர்கள் பெண்களும் குழந்தைகளுமாக இருந்தார்கள் என்றார் கெர்ரி. அதே குழுவிலிருந்த கெர்ஹார்ட் கிளான், அவர்களை ஒன்றாகக் கூட்டி வைத்துச் சுட்டோம் என்றார். மற்ற ஐந்து பேரும் கெர்ரி பக்கம் நின்றார்கள். கிராமத்துப் பெண் ஒருவரின் சாட்சியமோ கிளான் சொன்னதை ஒட்டியிருந்தது.

இதையெல்லாம் அந்த வருடமே படித்துவிட்டேன். அதன் பிறகும் மேடையில் ஹோன் டாம் மட்டுமே சொன்னேன். பிள்ளைகள் முன்னால் ரத்தக் கதை எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கால் போன கதையிலும் ரத்தம்தானே இருந்தது? எனக்கு ஒரு மாசற்ற வீரன் வேண்டும். அவன் கதையைச் சொல்கிறவன் என்ற பெயர் அதைவிட அதிகம் வேண்டும்.

இதிலும் மோசமானது 2016இல் நடந்தது. ஹோ சி மின் நகரில் தொடங்கவிருந்த ஃபுல்பிரைட் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்குக் கெர்ரியைத் தலைவராக்கினார்கள். வியட்நாமின் முன்னாள் தூதர் தோன் நூ தி நின் உள்ளிட்ட பலர் கூடாது என்றார்கள். நான் நண்பர்களிடம் கெர்ரிக்காக வாதாடினேன். வருந்திவிட்டார், அந்த நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக உழைக்கிறார், இன்னும் எத்தனை காலம் தண்டிப்பது என்று கேட்டேன். அவர் பட்ட வேதனையை அளந்துகொண்டே இருந்தேன். தாங் ஃபோங்கில் பிழைத்தவர்கள், அம்மாவையும் பிள்ளையையும் புதைத்தவர்கள், என் வாதத்தில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. கொன்றவரின் கண்ணீரை வைத்து இறந்தவர்களின் கணக்கை முடிக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது?

கெர்ரி 32 வருடம் மறைத்தார் என்றால், வெளியே தெரிந்தால் இழக்க அவருக்குப் பதவியும் பெயரும் இருந்தன. எனக்குக் கைதட்டலைத் தவிர எதுவுமில்லை. அதற்காகவே மறைத்தேன்.

அந்த முகாம்களில் கேட்ட பிள்ளைகளில் சிலர் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இப்போது துப்பாக்கி இருக்கிறது. இருட்டில் ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கக்கூடும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

இப்போது இரண்டு இரவுகளையும் சொல்கிறேன். இருந்தும், பாறை ஏறும் இடத்தில் என் குரல் தானாக உயர்கிறது. கிராமம் வரும்போது வேகமாகக் கடந்துபோகப் பார்க்கிறேன்.