சங்கம மணலில் ஓர் இடம்

கும்பகோணத்தைச் சேர்ந்த முதிய தம்பதியர், 2024-ஆம் ஆண்டின் தை அமாவாசையன்று பிரயாகையில் நீராட விரும்பினர். பயணச்சீட்டு கிடைத்துவிட்டது. ஆனால் மாக மேளாவில் தங்குவதற்கு முன்னதாகவே கூடாரம் ஏற்பாடு செய்துகொள்வதா, வேண்டாமா என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றுபடவில்லை.

"அழைப்பவள் கங்கை. இடமும் அவளே தருவாள். தங்குமிடத்தை உறுதி செய்துகொண்டு புறப்பட்டால் அது யாத்திரையா, சுற்றுலாவா?" என்றார் பெரியவர். அவருக்கு அனுபவமும் துணைநின்றது. 2013-ஆம் ஆண்டு கும்பமேளாவுக்கு எந்த ஏற்பாடும் இன்றிச் சென்றவர்கள் அவர்கள். அமாவாசைக்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் மணலில் நின்றவர்களைப் பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தன் கூடாரத்துக்குள் அழைத்து, வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தது. "அது அவள் அருள் அல்லவா?" என்று கேட்டார்.

"அருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் விடியும்வரை வெளியே பனியில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் உறங்கிவிட்டீர்கள், நான் பார்த்தேன்" என்றார் அம்மையார்.

பதினோரு ஆண்டுகளாக அவர் சொல்லாதிருந்த செய்தி அது. பெரியவர் அன்று மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் பிரயாகையிலுள்ள தம் குடும்பத் தீர்த்த புரோகிதரைத் தொலைபேசியில் அழைத்தார். புரோகிதர் சொன்ன விவரங்கள் அவருடைய எண்ணத்தையே மாற்றின. மேளா நடக்கும் மணல்வெளி மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடப்பது. நீர் வடிந்த பிறகே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அளந்து, பாதை போட்டு, கூடாரம் அமைக்கிறார்கள். பௌஷ பௌர்ணமி முதல் மாக பௌர்ணமி வரை ஒரு மாதம் ஒருவேளை உணவுடன் கல்பவாசம் இருப்போர், பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வருவதும் மரபு. அவர்கள் தத்தம் புரோகிதருக்கு முன்னரே தகவல் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு புரோகிதருக்கும் உரிய கொடி உயரத்தில் பறக்கும். அதைப் பார்த்தே தம் இடத்தை அடைவார்கள். "உங்கள் தந்தையாரும் கடிதம் எழுதிவிட்டுத்தான் வந்தார். எங்கள் ஏட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது" என்றார் புரோகிதர்.

முன்னேற்பாடு நம்பிக்கைக் குறைவு அன்று, முன்னோர் வழக்கமே என்பது பெரியவருக்கு விளங்கியது. பிறகு அவரே பொறுப்புடன் விசாரித்தார். முக்கிய நீராடல் நாட்களில் வாகனங்களை வெகுதூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், கூடாரத்திலிருந்து படித்துறைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், இரவில் எழுந்தால் கழிப்பறை அருகில் உண்டா, கம்பளி கிடைக்குமா என்றெல்லாம் கேட்டறிந்தார். முழங்கால் வலியுள்ள மனைவிக்கு இவை யாவும் அவசியமானவை.

இறுதியில், நால்வர் தங்கும் கூடாரமாகவே வேண்டும் என்று சொல்லி வைத்தார். காரணத்தை அம்மையார் கேட்கவில்லை.

அமாவாசைக்கு முந்தைய இரவு, கொடிக்கம்பத்தின் அடியில் ஒரு முதிய தம்பதியர் மூட்டையுடன் நடுங்கியவாறு அமர்ந்திருந்தனர். பெரியவருக்கு அவர்களுடைய மொழி தெரியாது. கூடாரத்தின் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வருமாறு கை காட்டினார். உள்ளே, அம்மையார் ஏற்கெனவே வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார்.