ரயிலில் ஒரு மணி நேரம்... பறவைக்குப் பல லட்சம் ஆண்டுகள்! - பாலக்காட்டுக் கணவாய் பிரித்து வைத்த உயிர்கள்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலேறுபவர்கள் போத்தனூர் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலைத் தேடுவார்கள். மதுக்கரை, எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகப் போக, மலை கிட்டே வந்து எட்டிப் பார்க்கும். இடப்பக்கம் வெகு தூரத்தில் ஆனைமலை நீலக்கோடாகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளாவுக்குள் போகிறோம் என்ற உணர்வே வராது. பெரிய ஏற்றம் இல்லை, காதடைப்பு இல்லை. ஒரு வடை, ஒரு டீ... பாலக்காடு வந்துவிடும்.

காரணம், அங்கே மலையே இல்லை. வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடி. இந்த இரண்டு பிரமாண்டங்களுக்கு நடுவே 30 கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் கதவைத் திறந்து போட்டதுபோல ஓர் இடைவெளி. ஜூன் மாதத்தில் கோவைக்காரர்கள் பெருமைப்படும் காற்று இந்த வழியாகத்தான் வருகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இதனால்தான். வாணிபம், படையெடுப்பு, ரயில், நெடுஞ்சாலை என எல்லாவற்றுக்கும் வழிவிட்ட கணவாய் இது.

ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீலப் பறவைக்கு மட்டும் வழிவிடவில்லை.

சோலைக்குள் குடியிருப்பவர்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மலை மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த, பாசி படர்ந்த காடுகள் இருக்கும். சுற்றிலும் புல்வெளி, நடுவில் தீவுபோலச் சோலைக்காடு. பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலேதான் இந்தக் காட்சி. இந்தச் சோலைகளின் தரையோரப் புதர்களில் பூச்சி தேடித் திரிவதுதான் நீல ராபின். வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது. கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதே அதிகம்.

19-ம் நூற்றாண்டில் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் நீலகிரிப் பறவையைப் பதிவு செய்தார். பழனி மலையில் அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் சேகரித்த பறவைகளை வைத்து, பிளான்ஃபோர்டு என்ற அறிஞர் அங்கிருப்பவற்றை விவரித்தார். அதன்பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பறவை வகைப்பாட்டில் பந்தாடப்பட்டது. ஒரே இனமா, இரண்டா என்று சண்டை. இமயமலைப் பக்கத்துப் பறவைகளின் உறவுக்காரர் என்று எண்ணி, அந்தக் குடும்ப அட்டையிலேயே பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

தோற்றத்தை மட்டும் பார்த்து உறவு சொன்னால் வரும் வம்பு இது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் இதே கதைதான். இமயமலைத் தார் ஆட்டின் தம்பி என்றே நினைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்தபோது, அது செம்மறி ஆடுகளுக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்தது. தனிப் பேரினப் பெயரே கொடுக்க வேண்டியதாயிற்று.

நீல ராபினின் வழக்கைத் தீர்க்க ஒரு துறை போதவில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் வி.வி. ராபின். (ஆம், ராபினை ஆராய்ந்தவர் பெயரும் ராபின்தான். இப்போது திருப்பதி ஐசர் கல்வி நிறுவனத்தில் இருக்கிறார்.) அவரும் குழுவினரும் மலை மலையாக ஏறி, மெல்லிய வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, அளவெடுத்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார்கள். பாட்டைப் பதிவு செய்தார்கள். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பறவைத் தோல்களோடு நிறம் ஒப்பிட்டார்கள். மலைகளின் உயரம், பள்ளத்தாக்குகளின் அகலம், பழங்காலத் தட்பவெப்பம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

2017-ல் முடிவு வெளியானது. இமயமலை உறவு என்பது தவறு. இது தென்னிந்திய மலைகளிலேயே கிளைத்த தனிக் குடும்பக் கிளை. அதற்குப் புதிய பேரினப் பெயர் வைத்தார்கள்: ஷோலிகோலா. 'சோலையில் குடியிருப்பது' என்று அர்த்தம். லத்தீன் வாலோடு நம் 'சோலை' உலக அறிவியல் பட்டியலில் ஏறிவிட்டது!

கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே ஆனைமலை-பழனி மலையில் வெள்ளை வயிற்றுடன் இன்னொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. அதற்கு அதே 2017-ல்தான் பெயரே கிடைத்தது. அதே சோலைகளில் கலகலவென்று சத்தம் போடும் சிரிப்பான்களும் அப்படியே. வயநாட்டுப் பாணாசுர மலை, நீலகிரி, பழனி-ஆனைமலை, அகத்தியமலை என்று நான்கு மலைக்கு நான்கு இனம்.

ஏன் இப்படி? குளிரும் ஈரமும் பழகிய பறவைக்குக் கணவாயின் வெக்கை ஒரு கடல் மாதிரி. பாலக்காடு நகரம் இருப்பது 100 மீட்டர் உயரத்துக்கும் கீழே. அங்கே இறங்கி, 30 கிலோமீட்டர் தாண்டி, மறுபடி மலையேற இந்தச் சின்னஞ்சிறு பறவைக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. பல லட்சம் ஆண்டுகள் இப்படியே போனால், அந்தக் கரையும் இந்தக் கரையும் வேறு வேறு இனங்களாகிவிடும்.

எல்லா உயிரையும் கணவாய் ஒரேபோல நடத்தவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். நன்றாகப் பறக்கிற பல பறவைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால், நாளெல்லாம் நடக்கக்கூடிய யானையில் வேறுபாடு இருக்கிறது! நீலகிரி யானைகளும் ஆனைமலை யானைகளும் மரபணுவில் வேறுபடுகின்றன என்று 2005-லேயே ஆய்வு வந்துவிட்டது. இன்று அவை கணவாய் ஓரம் இறங்கினால் ரயில் பாதை குறுக்கே நிற்கிறது. மதுக்கரை - வாளையார் தடத்தில் அடிபட்டு இறந்த யானைகள் ஏராளம். 2024-ல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் வைத்து, யானை வந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டைத் தமிழக வனத்துறை தொடங்கியது.

சேற்றில் எழுதிய டைரி

ஊட்டியிலிருந்து பைக்காராவுக்குப் போகும் வழியில் சாண்டிநல்லா என்ற இடம் உண்டு. செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். சுற்றுலா வண்டிகள் போட்டோ எடுக்கக்கூட நிற்காத இடம். ஆனால், இங்குள்ள சதுப்புப் பள்ளத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடி கொடிகள் மட்கிக் கரிச்சேறாகப் படிந்திருக்கின்றன. மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. எந்தக் காலத்துச் சேற்றில் எது அதிகம் என்று வேதியியல் ஆய்வில் கண்டுபிடித்துவிடலாம்.

யானை ஆய்வாளராக நாம் அறிந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் இயற்பியல், புவியியல் பக்கத்து நண்பர்களும் இந்தச் சேற்றைத்தான் தோண்டினார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, நீலகிரி வறண்டு கிடந்தது, புல்வெளி பரந்திருந்தது. பின்னர் மழைக்காலம் வலுத்தபோது மரங்கள் பெருகின. இப்படிக் காடும் புல்லும் மாறி மாறிப் பாய் விரித்திருக்கின்றன.

இதில் பறவைக்கு என்ன? சோலை சுருங்கிய காலத்தில் பறவைக் கூட்டமும் சுருங்கியிருக்கும், விரிந்த காலத்தில் பெருகியிருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் தடயம் இன்றைய பறவையின் மரபணுவிலும் தேடக்கூடியது. சேறும் ரத்தமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இடம் இது.

நமக்கு இன்னும் முக்கியமான சேதி ஒன்றும் இதில் இருக்கிறது. நீலகிரிப் புல்வெளி, யாரோ காட்டை வெட்டியதால் வந்தது அல்ல. மனிதர் கோடரி எடுப்பதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. தோடர்கள் எருமை மேய்த்ததும், கோயில் கூரை வேயப் புல் எடுத்ததும் இந்த நிலத்தில்தான். ஆங்கிலேயர்களோ அதைச் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்து, 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டிலையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அதையே தொடர்ந்தோம்.

கொடைக்கானலில் ஒரு புதுக் கணவாய்

கொடைக்கானல் செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், பூச்சிகள் என்று குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கும் இடம். வெளியே வந்து மேல்மலைப் பக்கம் வண்டியை விட்டால், வழியெல்லாம் பைன், யூகலிப்டஸ், வாட்டில். பைன் காட்டில் செல்ஃபி எடுக்காமல் யாரும் கொடைக்கானலை விட்டு இறங்குவதில்லை. 'எவ்வளவு பசுமை!' என்று சொல்லாதவர்களும் இல்லை.

செயற்கைக்கோள் படம் வேறு கதை சொல்கிறது. 1973 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது என்று 2018-ல் அரசுமணியும் குழுவினரும் கணக்கிட்டார்கள். அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது தோட்ட மரங்களும் விவசாயமும்தான்.

சோலைகளும் துண்டு துண்டாகிவிட்டன. அந்தத் துண்டுகளில் வாழும் பறவைகளிடம் ராபின் குழு மரபணுவைப் பார்த்தபோது, மனிதர் உண்டாக்கிய பிரிவினையின் சுவடும் தெரிந்தது. 2015-ல் வந்த ஆய்வு இது. பாலக்காட்டுக் கணவாய் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்யத் தொடங்கிய வேலையை, கோடரியும் நாற்றுப் பண்ணையும் ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் செய்யத் தொடங்கியிருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய கூட்டம் மெதுவாகப் பிரிந்தால் புது இனம் பிறக்கலாம். சின்னக் கூட்டம் சட்டென்று துண்டானால் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், நோய், அழிவு என்ற பக்கம்தான் சாய்வு அதிகம். நீலகிரி இனம் ஏற்கெனவே அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. மலை உச்சியில் வாழும் பறவைக்கு, பூமி சூடானால் மேலே ஏறிப் போகவும் இடமில்லை.

சரி, வாட்டிலை மொத்தமாக வெட்டிவிடலாமா? அதிலும் சிக்கல். பழைய தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. அங்கே வெட்டினால் சோலைக்கு நஷ்டம். புல்வெளி இருந்த இடத்தில் விட்டுவைத்தால் புல்லுக்கு நஷ்டம். எந்தச் சரிவில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் கத்தியை எடுக்க முடியும். அதற்குச் சேறு, படம், ஆவணம், பறவை எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. 'மரம் நடுவது நல்லது' என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இதை ஏற்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

மழையால் பிரிந்த தவளை

இன்னும் தெற்கே வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்தால் சாம்பல் அணில் வாழும் மலை. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையின் இன்னோர் இனம் இங்கேதான் கண்டறியப்பட்டது. கேரளப் பக்கத்து முதல் இனம் 2003-ல் உலகுக்கு அறிமுகமானபோதே பரபரப்பு. அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்த காலத்து உறவு அது.

தமிழகப் பக்கத்துத் தவளை வேறு இனம் என்று 2017-ல் நிறுவியவர்கள், அதை சி.டி. ஸ்கேனில் வைத்து முதுகெலும்பு பார்த்தார்கள். கூப்பிடும் குரலை அலசினார்கள். மரபணு பார்த்தார்கள். காலண்டரையும் பார்த்தார்கள். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் ஜோடி சேர்கிறது; நம் தவளை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். கல்யாண சீசன் வேறு வேறாகிப் போனதே இரண்டும் பிரிந்ததற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இங்கே பிரித்தது பள்ளத்தாக்கு அல்ல, மழை.

அந்தத் தவளையின் பெயரில் பூபதி இருக்கிறார். கோவை சாக்கான் மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதி, 2014-ல் அகத்தியமலைப் பக்கம் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்துபோனார்.

அதே அகத்தியமலைக்கு வடக்கே இருக்கிறது செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டைவிடக் குறுகல், அதனால் இது பிரித்த உயிர்களும் குறைவு. ஜூலையில் குற்றாலத்தில் முகத்தில் அடிக்கும் சாரல் இந்த இடைவெளி வழியாகத்தான் வருகிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயிலில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கணவாயைத்தான் கடக்கிறார்கள். தெற்குப் பக்க மலைகளின் உச்சிச் சோலையில் மூன்றாவது நீல ராபின் இருக்கிறது. அது இருப்பது புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது.

முதல் இரண்டையும் தேடலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சோலையோரச் சாலையில், விடியற்காலையில், வண்டியை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். போனில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்க வேண்டாம். எல்லைக்குள் வேறு பறவை நுழைந்துவிட்டதென்று பதறி, கூட்டை விட்டுவிட்டு ஓடி வரும். பதிவு செய்யலாம். நீலகிரியில் ஒன்று, கொடைக்கானலில் ஒன்று பதிவு செய்து, கீழே இறங்கிவந்து ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலைந்து தடவை கேட்ட பிறகு, காது மெள்ளப் பிரிக்க ஆரம்பிக்கும்.